மிதித்தால் எரியும் வெள்ளை ஷூ

வில்லியனூர் இரவுச் சந்தையில் பல்பு வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. நாளைக் காலை மாதா கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கப்போகும் அக்கா மகள் ஆஷ்லினுக்கு வெள்ளை ஷூ வேண்டும். அவள் அளவுக்கு இருக்கும் ஒரே ஜோடியிலோ, அழுத்தி மிதித்தால் குதிகாலில் சிவப்பு விளக்கு எரிகிறது.

"இதப் போட்டுகினு பீடத்துக்குப் போனா ஃபாதர் இன்னா சொல்லுவாரு?" என்று அக்கா கத்துகிறாள்.

"மெதுவா நடந்தா எரியாதுக்கா," என்கிறார் கடைக்கார ஷரீப். பைகளைச் சுமந்து நிற்கும் எனக்குத் தோள் கடுக்கிறது. ஆஷ்லின் கைகூப்பி, தலைகுனிந்து, கூட்டத்துக்குள் அடிமேல் அடி வைக்கிறாள். விளக்கு எரியவில்லை. அக்கா பர்ஸைத் திறக்கிறாள். எதிர்வண்டியில் காளானைக் கல்லில் கொட்டுகிறார்கள். மசாலா வாசனைக்கு ஆஷ்லின் கைகளைப் பிரித்துக்கொண்டு ஓடுகிறாள். தரையெல்லாம் சிவப்பு.

"கோயில்ல காளான் வண்டி நிக்காதேக்கா," என்றபடி ஷரீப் காலி டப்பாவையும் என் கையில் திணிக்கிறார்.