கணவரின் சான்றிதழ்

ஐந்தரைக்கு எழுந்தேன். அரை லிட்டர் பாலில் பாதியைக் காய்ச்சினேன். காற்று தோல் கம்பெனி பக்கமிருந்து வந்தது, ஜன்னலைச் சாத்தினேன். சட்டையைத் தேய்த்தேன். வண்டி கவர் போட்டபடி நிற்கிறது. ஆம்பூருக்குப் பஸ்ஸில் போனேன்.

கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் வேலை. இன்று மாலை ஐந்து மணியோடு இணையதளம் மூடுகிறது.

பதினோரு மணிக்கு ரோஷினியின் விண்ணப்பத்தைத் திறந்தேன். பி.காம். மூன்றாம் வருடம். ஜூனில் கல்யாணம் ஆகியிருக்கிறது. அப்பாவின் வருமானச் சான்றிதழை இணைத்திருந்தாள்.

கல்யாணமானவள் கணவரின் சான்றிதழைத்தான் வைக்க வேண்டும். படிப்பின் நடுவில் கல்யாணமாகும் பெண்கள் எல்லோரும் செய்கிற தவறுதான். போன வருடம் கொடுத்ததையே மறுபடி கொடுத்துவிடுவார்கள்.

திரையில் இரண்டு பொத்தான்கள். ஒப்புதல். திருத்தத்துக்குத் திருப்பு.

ஒப்புதல் கொடுத்தால் மேலே தள்ளுபடி செய்துவிடுவார்கள். உதவித்தொகை வராவிட்டால் படித்தது போதும் என்று மாமியார் சொல்லிவிட்டதாக ரோஷினியே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

இரண்டாவது பொத்தானைத் தொட எனக்குப் பயம். ஒரு வருடமாகப் பயம்.

தொட்டேன்.

அவளுக்குப் போன் செய்தேன். கணவரின் சான்றிதழ் மாதனூரில், வீட்டு பீரோவில் இருக்கிறது என்றாள். அசலை நான் பார்க்க வேண்டும். பஸ்ஸில் வரச் சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றால் நேரமாகிவிடும், மாமனாரின் ஸ்கூட்டி சும்மாதான் நிற்கிறது என்றாள். அவசரமில்லை, நான்கு மணிக்கு வந்தாலும் போதும் என்றேன்.

"இல்ல சார், உடனே வந்துட்றேன் சார்."

வைத்துவிட்டாள். ஹெல்மெட் என்ற வார்த்தை என் வாயிலேயே நின்றுவிட்டது.

ஹைவேஸில் அரை மணி நேரம்.

பன்னிரண்டேகால் ஆனது. அவளுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்காமல் இருப்பதுதான் நல்லது என்று நினைத்தேன். மறுபடி அடித்தேன். உடனே, அடித்திருக்கக் கூடாது என்று தோன்றியது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

வெளியே ஒரு ஆம்புலன்ஸ் போனது. சத்தம் வேலூர் பக்கமாகத் தேய்ந்தது.

"இன்னா தோஸ்த், வாசலையே பாக்குற? ஆடிட்டர் வர்றாரா?" என்றான் பக்கத்து மேசை சுஹேல் அகமது.

பிறகு என் திரையைப் பார்த்தான். விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது என்ற சிவப்பு வரியைப் பார்த்தான். எழுந்து போய் கேட்டில் நின்றுகொண்டான்.

பன்னிரண்டு நாற்பதுக்கு அவனோடு ரோஷினி வந்தாள். தலையில் ஹெல்மெட். ரயில்வே கேட்டில் இரண்டு கூட்ஸ் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனதாம். போன் சீட்டுக்கு அடியில் இருந்ததாம். சிரித்துக்கொண்டே சான்றிதழை நீட்டினாள்.

என்னால் கையை நீட்ட முடியவில்லை. சுஹேல் வாங்கி என் முன்னால் வைத்தான்.

அவள் அங்கேயே உட்கார்ந்து திருத்தினாள். ஒப்புதல் கொடுத்தேன். வீட்டுக்குப் போனதும் போன் பண்ணச் சொன்னேன்.

என் மனைவி யோகலட்சுமி கடைசியாக என்ன சொன்னாள் என்று அவளுடைய அம்மா இன்னும் கேட்கிறார். ஆஸ்பத்திரியில் என் பேரைச் சொன்னாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஹைவேஸிலிருந்து தூக்கிப் போன ஆஸ்பத்திரியில் அவள் பேசவே இல்லை.

போன வருடம் இதே அலுவலக ஜன்னலில், வரிசையில் ஐந்தாவதாக நின்றாள். எம்.காம். இரண்டாம் வருடம். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். அவளும் அப்பாவின் சான்றிதழைத்தான் வைத்திருந்தாள்.

கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். பொண்டாட்டி என்பதால் விட்டுவிட்டான் என்று யாரும் பேசக் கூடாது என்பதற்காக, எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்பினேன்.

வீட்டில் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அன்று பின்னால் நின்ற பெண்கள் சிரிக்க, கையைக் கட்டிக்கொண்டு, வண்டிச் சாவியை விரலில் ஆட்டியபடி சொன்னாள்:

"சரிங்க சார். வீட்டுக்காரர் சர்டிபிகேட்ட எடுத்துட்டு உடனே வந்துட்றேன் சார்."