சாச்சா வந்தார்

ருஷ்தா ஆய்வுகூடத்தில் சாயமிடும் ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும், என்றோ மவுத்தாகி அடக்கமான ஒருவரின் நல்ல நுரையீரல் சீவலொன்று ஒட்டியிருக்கும். அது பழுப்பானால்தான் சாயம் சரியாக வேலைசெய்தது என்று நம்பலாம். முருங்கையிலை வடிவிலிருந்த அந்தச் சாட்சிக்கு அவள் வைத்த பெயர் சாச்சா, அதாவது சித்தப்பா.

சீவிச் சீவி, போன கிழமை சாச்சா தீர்ந்துபோனார். அவர் பதிந்திருந்த மெழுகுக் கட்டியில் இலை வடிவப் பள்ளம் மட்டுமே மிஞ்சியது.

ஹுன்னஸ்கிரிய ஊரிலிருந்து வந்த கத்தரீனா டீச்சரின் நெஞ்சிலிருந்து ஊசியால் எடுத்த சதை ஒரேயொரு ஸ்லைடுக்குத்தான் காணும். சதையும் பழுப்பாகிச் சுரப்பி வகைப் புற்றென்று காட்டினால் மாத்திரைக்கு வழியுண்டு. செதிள் வகையென்றால் அந்தக் கதவு சாத்தின மாதிரிதான். டீச்சருக்கு மூச்சு முட்டுகிறது, புதுச் சாட்சி வரும்வரை பொறுக்க முடியாது. ருஷ்தா பிஸ்மி சொல்லி, டீச்சரின் சதையை மட்டும் வைத்துச் சாயமிட்டாள்.

நுணுக்குக்காட்டியில் குனிந்திருந்த டொக்டர் ஷிராணி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "செல் கருவெல்லாம் பழுப்பு! சுரப்பி வகைதான், ருஷ்தா! டீச்சருக்கு வழி கெடச்சிருச்சு!"

"சாட்சி இல்லாம நம்பலாமா, டொக்டர்?"

"ஏன், ஒங்க சாச்சாதான் ஓரத்துல ஜம்முனு நிக்கிறாரே!"

ருஷ்தா குனிந்து பார்த்தாள். அதே முருங்கையிலை, பளிச்சென்ற பழுப்பில். மெழுகுக் கட்டியை எடுத்துப் பார்த்தாள். பள்ளம் பள்ளமாகவே இருந்தது.

சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த வெறும் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இன்னமும் ஒராள் ஈக்கிறாங்க, சாச்சா. ஊரு கடுகண்ணாவையாம்."

கண்ணாடியின் ஓரம் மட்டும், யாரோ மூச்சு விட்டதுபோல, மெல்ல மங்கியது.