கட்டைவிரல் வைத்த இடம்

“அப்போ காத்து எங்கதாம்மா போகுது?” என்று கேட்டார் முதலாளி.

லாரியின் பின்பக்கம் ஒரு சாண் இறங்கிக் கிடந்தது. அடியில் படுத்திருந்த மெக்கானிக், இடது சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்கும் காற்றுப்பையில் மறுபடியும் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினாள். “எங்கேயும் நுரை வரலையே, முதலாளி. ஒரு நாள் வண்டி நிக்கட்டும்.”

பக்கத்தில் குந்தியிருந்த டிரைவருக்கு விஷயம் தெரியும். விடியற்காலையில் அந்தப் பையின் மடிப்பில் கோணி ஊசியால் குத்தியவனே அவன்தான். இப்போது அதே இடத்தை அவளுடைய கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருந்தது. விரலோரம் பொடிப்பொடியாக நுரை கசிந்தது. அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். “சரக்கு நிக்காதும்மா. காத்தை அடிச்சுக்கிட்டே போகட்டும். நீயும் கூட ஏறிக்க, வழியில எங்க இறங்குதோ அங்க பாரு. என் மச்சான் ஓட்டுவான். டிரைவர் பாவம், பத்து நாள் ஓடிட்டு வந்திருக்கான். நாலு நாள் வீட்ல நிம்மதியாத் தூங்கட்டும்.”

டிரைவரின் முகம் லாரியைவிடத் தாழ்ந்து தொங்கியது.

முதலாளி நகர்ந்ததும் அவள் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். “குத்தினதுதான் குத்தினீங்க, கொஞ்சம் பெரிசாக் குத்தியிருக்கக் கூடாதா?” என்று முணுமுணுத்தபடி வீட்டுச் சாவியை அவனிடம் நீட்டினாள். “பாலைக் காய்ச்சி வச்சுடுங்க.”

கல்யாணமாகி மூன்று மாதத்தில் அவர்கள் ஒன்றாக இருந்தது மொத்தம் ஒன்பது நாள்தான்.

சாவியை வாங்காமலே அவன் முதலாளியின் பின்னால் ஓடினான்.

“முதலாளி, வண்டிக்குக் கிளீனர் இல்லையே... நான் ஏறிக்கட்டுமா?”