சாம்பல் கரை போட்ட உறை

"யெல்மருக்கு மட்டும் அனுப்பக் கூடாது" என்றாள் அல்தா.

மகள் ரென்ஸ்கே எழுதுவதை நிறுத்தினாள். அப்பா டௌவே போய் ஒரு நாள்கூட ஆகவில்லை. உடல் பக்கத்து அறையில்தான் இருந்தது. சாப்பாட்டு மேஜை முழுக்கச் சாம்பல் கரை போட்ட உறைகள். நெதர்லாந்தின் ஹார்லிங்கன் ஊரில் சாவுச் சேதியை அட்டை அடித்துத் தபாலில்தான் சொல்வார்கள். அட்டை வராதவன் அடக்கத்துக்கு வர மாட்டான்.

"அம்மா, அவன் உன் வயித்துல பொறந்தவன்."

"அப்பா கைகால் விழுந்து கிடந்தப்போ எட்டிப் பார்க்காதவன். இப்போ வந்து என்ன கிழிக்கப் போறான்? எழுதாதே."

ஒத்தாசைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு சீப்கே தலையைக் குனிந்துகொண்டாள். இழவு வீட்டுக்கு உறை எழுதிக் கொடுப்பது அண்டை வீட்டுக்காரர் கடமை. அபிப்பிராயம் சொல்வது அதில் சேராது.

அல்தா ஓர் உறையை எடுத்து, மடிப்பை நாக்கால் நக்கி, உள்ளங்கையால் அழுத்தினாள். கையை எடுத்ததும் மடிப்பு நிமிர்ந்துகொண்டது. மறுபடியும் நக்கினாள்.

"ஐயோ அம்மா, அது நக்கி ஒட்டற உறை இல்லே. குடு இங்கே. நீ ஸ்டாம்ப் ஒட்டு, போதும்."

மடிப்பின் ஓரத்தில் மெல்லிய காகிதப் பட்டை ஒன்று இருக்கும். அதை உரித்தால் அடியில் பசை. தண்ணீரும் வேண்டாம், எச்சிலும் வேண்டாம். அம்மாவுக்கு அதைச் செய்து காட்ட அரை நிமிஷம் ஆகியிருக்கும். ஆனால் ரென்ஸ்கேக்கு அப்போது இருந்த கோபத்தில் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவளே உரித்தாள், ஒட்டினாள். உரித்த பட்டைகள் மேஜைக்கு அடியில் குப்பையாகச் சேர்ந்தன.

அல்தா காப்பி கொண்டுவந்தாள். ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்ததும் டப்பாவை மூடிவிட்டாள். சாவு வீடானாலும் ஆளுக்கு ஒன்றுதான்.

கிளம்பும்போது சீப்கே வாசலில் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "உங்கம்மாவுக்கு நெஞ்சுல இருக்கிறது என்ன, கல்லா?"

"கல்லும் கரையும், சீப்கே. இது கரையாது."

டென்மார்க்கில் இருக்கும் தம்பியின் நம்பர் ரென்ஸ்கேயின் போனில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மாவே வேண்டாம் என்ற பிறகு நாம் எப்படி என்று விட்டுவிட்டாள். பழியைப் போட ஓர் ஆள் கிடைத்துவிட்டால் மனசு ரொம்ப லேசாகிவிடுகிறது.

தபால் பெட்டிக்குப் போகுமுன் சரிபார்த்தாள். "ஸ்டாம்ப் குறையுதேம்மா?"

"நக்கிப் பாழாக்கிட்டேன். தூக்கிப் போட்டாச்சு" என்றாள் அல்தா, திரும்பிப் பார்க்காமல்.

அடக்கத்தன்று மழை. கடல் காற்று வேறு ஆளைத் தள்ளியது. குழியருகே நின்ற அல்தா அடிக்கடி கல்லறைத் தோட்டத்து வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கணக்கெடுக்கிறாள், இந்த நேரத்திலும் பார் என்று நினைத்துக்கொண்டாள் ரென்ஸ்கே. பெட்டியை இறக்கப் போனவர்களை "கொஞ்சம் பொறுங்க" என்று அல்தா நிறுத்தினாள். எல்லோரும் நனைந்துகொண்டு நின்றார்கள். பிறகு அவளே "சரி, இறக்குங்க" என்றாள்.

மறுநாள் காலையில் மணி அடித்தது. ரென்ஸ்கே கதவைத் திறந்தாள். தோளில் பையோடு, தாடியும் நரையுமாக யெல்மர் நின்றான்.

"அப்பாவைப் பார்க்கணும்."

"நேத்தே மண்ணுக்குள்ள போயாச்சு."

அவன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"உனக்கு யார் சொன்னது?"

கோட்டுப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினான். சாம்பல் கரை போட்ட உறை. டென்மார்க் விலாசம்.

"மூணு நாளைக்கு முன்னாடி வந்துது. உள்ளே ஒண்ணுமே இல்லே, வெறும் உறை. எழுத்து அம்மாவோடது. அப்போ போனது அப்பான்னு புரிஞ்சுது. 'தெரிஞ்சுக்கோ, ஆனா வராதே'ன்னுதான் அம்மா வெறும் உறையா அனுப்பியிருக்கான்னு நெனச்சேன். ரெண்டு நாள் அடக்கிப் பார்த்தேன். மனசு கேக்கலே."

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?"

"வராதேன்னு வாயாலயே சொல்லிட்டா என்ன பண்றது? நீயாவது கூப்பிட்டிருக்கக் கூடாதாக்கா?"

"அம்மாதான் வேண்டாம்னுட்டா" என்றாள் ரென்ஸ்கே. ஒரு வாரமாக எல்லோரிடமும் சொல்லிப் பழகிய பதில், தானாக வந்தது. சொல்லிக்கொண்டே உறையைத் திருப்பினாள்.

மடிப்பு திறந்து கிடந்தது. ஓரத்துக் காகிதப் பட்டை உரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. அதன்மேல் எச்சில் காய்ந்து, காகிதம் சுருங்கியிருந்தது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அல்தா வந்து நின்றாள். படியில் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தாள். பிறகு மகள் கையிலிருந்த உறையை வாங்கி, உள்ளே விரலை விட்டுத் துழாவினாள்.

"அட்டையை வச்சேனே" என்றாள். "நாலு தடவை நக்கி, நல்லா அழுத்தித்தானேடி ஒட்டினேன்?"