பெட்டிக்குப் பின்னாடி ஒரு ஓட்டை

"ஏம்மா, எங்கப்பாவை என்ன பாடுபடுத்துறே? எதை மறைக்க இன்டர்நெட் பெட்டியை மூடினே?"

செருப்பைக்கூடக் கழட்டல, மூத்தவன் வாசல்லயே ஆரம்பிச்சுட்டான்.

அப்பா இருக்கிற தம்பி வீட்டு ஹால்ல அவன் மாட்டுன கேமரா வழியா, தன் ஊர்ல இருந்தபடியே தினமும் அப்பாவைப் பார்ப்பான். திடீர்னு போன்ல ஒரே இருட்டு. அடிச்சுப் புடிச்சு பஸ் ஏறி வந்துட்டான்.

தம்பி பொண்டாட்டி துணி மடிச்சுக்கிட்டே இருந்தா.

மூத்தவன் கையோட இன்டர்நெட் மெக்கானிக்கையும் இழுத்துட்டு வந்திருந்தான். அந்த மெக்கானிக் இருக்கானே, ஊருக்கெல்லாம் லைன் கொடுப்பான், அவன் வீட்டுல மட்டும் சிக்னல் வராது. பொண்டாட்டி மாடிப்படியில உட்கார்ந்துதான் அவ அம்மாகிட்டப் பேசுவா... சரி, அதை விடுங்க.

மெக்கானிக் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான்.

"கம்பெனியிலேருந்து வர்றப்போ இப்படித்தான் சார் இருக்கும். உள்ளே இருக்கறவங்க வெளியே போகலாம். வெளியாள் தானா உள்ளே வர முடியாது. நீங்க கேமரா பார்க்கறதுக்குன்னு ஒரு வழி திறந்து வெச்சிருந்தேன். யாரோ பின்னாடி இருக்கிற சின்ன ஓட்டையில ஊசி மாதிரி எதையோ விட்டுக் குத்தி, பழையபடி ஆக்கிட்டாங்க. போன தடவையும் இதேதான்."

"யாரோ என்ன யாரோ? எங்கப்பாவா குத்துவாரு? ரிமோட்டையே தலைகீழாப் பிடிக்கிற மனுஷன்!"

சோபாவுல இருந்த பெரியவர் அப்பாவியா தலையாட்டினார். "எனக்கென்னப்பா தெரியும்?"

மெக்கானிக் வழியைத் திறந்துட்டுக் கிளம்பினான். மூத்தவன் சாயங்காலம் வரைக்கும் இருந்தான். அப்பாவோட சாப்பிட்டான், சீட்டாடினான், தோத்ததுக்குச் சண்டை போட்டான், அவர் கால் நகத்தை வெட்டி விட்டான்.

போறப்போ தம்பி பொண்டாட்டிகிட்ட விரலை ஆட்டினான். "இனிமே என் கண்ணு உன் மேலதான்!"

அவன் தலை மறைஞ்சதும் பெரியவர் மெதுவா சமையலறைக்கு வந்தார். கேமராவுக்கு எட்டாத இடம் அது ஒண்ணுதான்.

"உனக்குத்தான்மா வீண் திட்டு."

"இருக்கட்டும் மாமா. போன்ல பார்த்தா நகம் வெட்டிவிட முடியுமா?"

அவர் கையை நீட்டினார். "அந்த ஊக்கைக் கொடு."

"இப்பவேவா? அவரு இன்னும் பஸ்ஸே ஏறியிருக்க மாட்டாரு. கொஞ்ச நாள் போகட்டும். உங்களுக்குக் கை நடுங்கும், எப்பவும் போல நானே குத்துறேன்."