நெரிசல் நேரக் கொஞ்சல்

மாலை ஆறு மணிக்கு ஊரே ஒன்றாகப் போனில் பேச உட்கார்ந்தால் நெட்வொர்க் திணறிவிடும். அந்த நெரிசலில் அவசரக் குரல்களுக்குத்தான் அது முதலில் வழிவிடும். கத்தினால் அவசரம் என்று எடுத்துக்கொள்ளும். கொஞ்சினால் அந்தப் பேச்சு மறுநாள்தான் போய்ச் சேரும்.

தூத்துக்குடி புஷ்பத்துக்கு இந்தச் சூட்சுமம் அத்துப்படி. கப்பலில் வேலை பார்க்கும் கணவன் லூர்துவிடம் தினமும் தொண்டை கிழியக் கத்துவாள்.

"சாள மீன் கொழம்பு வச்சேன்! ஒங்க நெனப்பாவே இருக்கு!"

"எனக்கு மட்டும் இல்லியா!" என்று அவனும் சீறுவான்.

சண்டையாக்கும் என்று பக்கத்து வீட்டு ரோஸி இருமுறை சமாதானம் பேச வந்துவிட்டாள்.

எட்டு மாதம் கழித்து லூர்து வீட்டுப் படியேறினான். அவளைக் கண்டதும், "என் தங்கமே, எளச்சிட்டியே!" என்று தெருவே அதிரக் கத்தினான்.

புஷ்பம் சிரித்துக்கொண்டே அவன் வாயைப் பொத்தினாள்.

"மெல்லச் சொல்லுங்க. இங்க நாம ரெண்டு பேருதான்."