ஸ்டாச்சூ

ஊழியர்களுக்குள் நெருக்கம் வளரட்டும் என்று அலுவலகம் எல்லோர் கழுத்திலும் ஒரு விளையாட்டுப் பட்டையை மாட்டியிருந்தது. ஒருவர் "ஸ்டாச்சூ" என்றால் எதிரில் இருப்பவர் சிலையாகிவிடுவார். சொன்னவரே தன் குரலில் "ரிலீஸ்" சொன்னால்தான் உடம்பு அசையும்; அதுவரை சிலையானவரின் பட்டையை யாராலும் கழற்ற முடியாது.

மேலாளர் குலசேகரிடம் வசமாக அகப்பட்டவள் எழிலரசி. கொட்டாவி விட்டால் சொல்வார், சோற்றை வாய்க்குக் கொண்டுபோனால் சொல்வார். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் அம்மா கடைசியாகக் கூப்பிட்டபோதும் சொன்னார். கண்ணெதிரே போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு அவள் அழுததற்கு, "விளையாட்டுதானேம்மா, இதுக்குப் போயா?" என்றார்.

இன்று அவளுக்கு வேலையில் கடைசி நாள். எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். குலசேகர் வாயை அகலத் திறந்தார்.

"ஸ்டாச்சூ, சார்."

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். எழிலரசி தன் பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

"அவர் வீட்லேர்ந்துடி. ரிலீஸ் சொல்லிடு," என்றாள் போன் திரையை எட்டிப் பார்த்த பக்கத்து இருக்கை மும்தாஜ்.

"இனிமே சொன்னாலும் கேக்காதுக்கா. கழட்டினதுமே அது என் குரலை அழிச்சிடும். விளையாட்டுதானே."

போன் அடித்து அடித்து ஓய்ந்தது.